கோணல் வீடு விற்பனைக்கு

அத்தியாயம் 6

‘ஜூஜூவாடி எல்லை. ஓட்டு வீடு. சமையல் கர்நாடகத்தில், படுக்கை தமிழ்நாட்டில். கரண்டு போனால் பாதி வீட்டுக்குத்தான் போகும்.’

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, லால் பாஷாவின் வீட்டு புரோக்கர் கடை வாசலில் தொங்கிய கரும்பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது. ஷிஃப்டுக்குப் போகிறவர்களும் ஷிஃப்ட் முடித்து வந்தவர்களுமாக ஒரு கூட்டம் அதன்முன் நின்று சிரித்துக்கொண்டிருந்தது. லால் பாஷாவின் வியாபாரமே அப்படி. வீட்டின் குறையைத்தான் முதலில் எழுதுவார். நல்லதைச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனால், வந்தவன் குறையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறான். குறையைப் படித்துச் சிரித்துவிட்டு வருகிறவனோ நல்லதைப் பார்த்ததும் முன்பணத்தை எடுத்து வைத்துவிடுகிறான். இது அவர் கட்சி.

முனவர் பேகம் சிரிக்கவில்லை. சிரிப்பு வரவில்லை என்பதற்காக வருத்தமும் படவில்லை. துப்பட்டியை இழுத்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கடைக்காரர் போட்ட நாற்காலியில் வலது காலை முன்னால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். யாரோ டீ வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றாள்.

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டி பஷீர் அஹமதுவின் மனைவி அவள். இப்போது விதவை. சீசன் நடுவில், மண்டியில் கூடைகளுக்கு மத்தியில் உட்கார்ந்தபடியே பஷீர் அஹமது போய்ச் சேர்ந்தார். அன்று அவள் அழவில்லை. விதவை தனித்திருக்க வேண்டிய இத்தாவின் நாலு மாதமும் உள்ளறையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் மரத்துப்போனால் தொட்டாலும் அது யாருடைய காலோ போல இருக்குமே, அப்படி இருந்தது அவளுக்கு, காலில் மட்டும் அல்ல.

இத்தா முடிந்து அவள் வெளியே வைத்த முதல் அடி துப்பறியும் ஷௌகத் அலியின் அலுவலகத்துக்கு. கேட்டது ஒன்றே ஒன்று. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வீட்டைவிட்டுப் போன மகள் வஜிஹா எங்கே இருக்கிறாள்?

வஜிஹா போனது அண்ணாதுரை என்பவனோடு. அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து சிப்காட்டுக்கு வேலைக்கு வந்தவன், டூல்ரூம் ஃபிட்டர். பஷீர் அஹமது அன்றைக்கே மகளின் பெயரை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்றுவிட்டார். சொல்லாமல் சொல்லாமல் முனவர் பேகத்துக்கும் பழகிவிட்டது. இப்போது கிருஷ்ணகிரி வீடு கொழுந்தன்மார் கைக்குப் போகிறது. வருகிற வெள்ளிக்கிழமை அண்ணன் வந்து அவளை ஆம்பூருக்குக் கூட்டிப் போகிறார், ஒரேயடியாக. அங்கேயும் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது என்று போன வாரமே சொல்லி அனுப்பிவிட்டார். அதற்குள் கண்டுபிடித்தால் உண்டு. இல்லாவிட்டால் இனி எங்கே?

ஷௌகத் அலி ஐம்பதைத் தாண்டியவர். ஒரு ஃபாக்டரியில் குவாலிட்டி கண்ட்ரோலில் இருந்தவர். ஃபாக்டரியை மூடியபின் இந்தத் தொழிலுக்கு வந்தார். ரெண்டும் ஒரே வேலைதான் என்பார். நூறு சாமான் சரியாக இருந்தால் அவை எதுவும் பேசாது, கோணலாக வந்த ஒன்றுதான் பேசும் என்பது அவர் அடிக்கடி சொல்லுவது. அவருடைய உதவியாள் வீரலட்சுமி உசிலம்பட்டிக்காரி. அதே ஃபாக்டரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். எட்டு மணி நேரம் அடுத்தவர் பேச்சை மட்டுமே கேட்டதற்கு இப்போது சேர்த்து வைத்துப் பேசுகிறாள் என்று ஷௌகத் அலி சொல்வார்.

நேற்று இவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு துப்பு. அண்ணாதுரையோடு முன்பு வேலை பார்த்த முத்துமணி என்பவன் சொன்னது. கிருஷ்ணகிரி ரோட்டில் எங்கேயோ அண்ணாதுரை தானே வீடு கட்டினான், இப்போது அதை விற்கப் போகிறானாம், கேன்டீனில் காதில் விழுந்தது, அவ்வளவுதான். அந்த ரோட்டில் விற்கிற வீடு எதுவும் லால் பாஷாவின் பலகைக்கு வராமல் போகாது. அதனால்தான் இங்கே வந்து நிற்கிறார்கள்.

பலகையில் இன்னும் மூன்று இருந்தன. வீரலட்சுமி முனவர் பேகத்துக்காக உரக்கப் படித்தாள்.

‘கிருஷ்ணகிரி ரோடு, சிப்காட் பின்புறம். மெஷின் வந்திறங்கிய பெட்டிப் பலகையில் கட்டியது. சுவரில் இருக்கும் அம்புக்குறி தரையைக் காட்டும். வீடு தலைகீழாக இல்லை.’

‘சானமாவு. தோட்டத்தோடு. சமையலறை ஜன்னலை யானை எடுத்துக்கொண்டு போய்விட்டது. மற்ற ஜன்னல்கள் இருக்கின்றன.’

“யானை அந்த சன்னல எங்கிட்டுக் கொண்டுபோயி மாட்டியிருக்கும்?” என்றாள் வீரலட்சுமி. கூட்டம் இன்னொரு முறை சிரித்தது.

‘சூளகிரி தாண்டி, ரோட்டு மேல். தார்சு வீடு. இரண்டு கக்கூஸ். ஒன்று கோணல், அதன் சுவரில் ஒரு பொந்து வேறு. கொத்தனார் குடித்திருக்கலாம். மற்றபடி உத்தமமான வீடு.’

பெட்டிப் பலகை வீடுதான் என்று வீரலட்சுமி அடித்துச் சொன்னாள். கம்பெனிக்காரன்தான் மெஷின் பெட்டியை வைத்து வீடு கட்டுவான், வேறு யாருக்கு அந்தப் பலகை கிடைக்கும் என்பது அவள் கணக்கு. ஷௌகத் அலி ஒத்துக்கொள்ளவில்லை.

“முத்துமணி அவனைப் பத்தி என்ன சொன்னான்? டீ கிளாஸக்கூட டேபிள் ஓரத்துக்கு நேரா வெச்சுட்டுத்தான் குடிப்பான்னு சொன்னானா இல்லையா? அவன் கட்டியிருந்தா அம்பு மேலதான் பாத்திருக்கும் லட்சுமி.”

“அப்ப கோணக் கக்கூஸ மட்டும் கட்டுவானாக்கும்?”

அவர் பலகைக்கு இன்னும் கிட்டே போனார். நாலாவது விளம்பரத்தை மறுபடி படித்தார். பிறகு பலகையை விட்டுவிட்டுக் கீழே பார்த்தார். தன் நீட்டிய காலைத்தான் பார்க்கிறார் என்று முனவர் பேகத்துக்குத் தெரிந்தது. சேலையை இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டாள்.

லால் பாஷாவைக் கேட்டார். சூளகிரி வீடு வெங்கடப்பன் என்கிற விவசாயியுடையது என்றார் அவர். பத்திரம் அவன் பேரில்தான் இருக்கிறது, சாவியும் அவனிடம்தான். கோழித் தீவனக்காரர் ஒருவர் குடோனுக்குப் பிடித்துப்போய் இன்றைக்குச் சாயங்காலம் முன்பணம் கொடுக்கிறார். நாளைக்குப் பலகையில் அந்த இடம் காலியாகிவிடும்.

“வெங்கடப்பன் குடியிருக்கானா அதுல?” என்று கேட்டார் ஷௌகத் அலி.

“அவன் எதுக்குங்க்ணா? அவனுக்குப் பக்கத்துலயே ஓட்டு வீடு இருக்குது. யாரு கட்டுனதுன்னு கேட்டேன். கட்டுனவங்க கட்டுனாங்கன்னான். புரோக்கருக்கு அதுக்கு மேல எதுக்குங்க்ணா?”

ஷௌகத் அலி கார் சாவியை எடுத்தார்.

* * *

அந்த ஃபியட் கார் கிளம்பும்போது ஒரு தடவையும் நிற்கும்போது ஒரு தடவையும் இருமும். டி.பி. ஆஸ்பத்திரிக்குக் காட்ட வேண்டிய வண்டி என்று வீரலட்சுமி காலையிலேயே சொல்லியிருந்தாள். பின்சீட்டில் முனவர் பேகம் கதவில் முதுகைச் சாய்த்து, வலது காலை சீட்டு முழுக்க நீட்டிக்கொண்டாள். வஜிஹா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் மண்டிப் படியில் விழுந்தது. வைத்தியர் கட்டிய கட்டில் முழங்கால் அப்படியே நேராக நின்றுவிட்டது. அதற்குப் பிறகு மடங்கவே இல்லை.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. சானமாவுக் காட்டைத் தாண்டும்போது ரோட்டோரத்தில் யானை லத்தி கிடந்தது. வீரலட்சுமி அதில் ஜன்னல் கண்ணாடி தெரிகிறதா என்று எட்டிப் பார்ப்பதாகச் சொன்னாள். முனவர் பேகம் வெளியே பார்த்தாள். மரங்கள் போயின. லாரிகள் வந்தன. மகளைத் தேடிப் போகிற தாய்க்கு நெஞ்சு படபடக்க வேண்டும். அவளுக்கு ஆஸ்பத்திரியில் வேறு யாருக்கோ சீட்டுப் போட்டுவிட்டுக் காத்திருப்பது மாதிரி இருந்தது.

சூளகிரியில் நிறுத்தினார்கள். வீரலட்சுமி டீ வாங்கி வந்து நீட்டினாள். முனவர் பேகம் வேண்டாம் என்றாள். தண்ணீர்? அதுவும் வேண்டாம். காலையிலிருந்து ஒரு சொட்டு உள்ளே போகவில்லையே என்று வீரலட்சுமி கேட்டாள். ஒட்டகத்துக்குக்கூட ஒரு அளவு இருக்கிறது என்றாள். ஷௌகத் அலி அவளைப் பேசாமல் இருக்கச் சொல்லி ஒரு பார்வை பார்த்தார். வீரலட்சுமிக்கு அந்தப் பார்வை புரியவில்லை, முனவர் பேகத்துக்குப் புரிந்தது. இந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்தாள். கூச்சம் வர வேண்டிய இடம், வரவில்லை.

வீட்டைவிட்டுப் புறப்பட்டால் அவள் எதுவும் குடிப்பதில்லை. குடித்தால் போக வேண்டும். மடங்காத காலை வைத்துக்கொண்டு அடுத்தவர் வீட்டிலும் பஸ் ஸ்டாண்டிலும் எங்கே போய் உட்காருவது? அதனாலேயே கல்யாணம் காட்சிக்குப் போவதை நிறுத்தி வெகு காலம் ஆகிறது. எதனால் என்று கேட்டவர்களும் இல்லை.

* * *

வீடு ரோட்டைப் பார்த்து நின்றது. அந்த இடத்தில் ரோடு சாய்வாகப் போகிறது, அதனால் வீடும் சாய்வாக நின்றது. வாசலில் ஒரு சப்போட்டா மரம், பின்னால் ராகிக் கொல்லை. அடுத்த ஓட்டு வீட்டிலிருந்து வெங்கடப்பனின் மனைவி சரசம்மா சாவியோடு வந்தாள். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிறவள். புருஷன் சந்தைக்குப் போயிருப்பதாகவும், தீவனக்காரர் சாயங்காலம்தான் வருவார் என்றும், நீங்கள் அதைவிடக் கூடக் கொடுப்பீர்களா என்றும் கேட்டாள். பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார் ஷௌகத் அலி.

உள்ளே சாமான் எதுவும் இல்லை. கூடத்தின் நடுவில் நின்று ஷௌகத் அலி சட்டைப் பையிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்துத் தரையில் வைத்தார். வீடு என்றால் அவர் செய்கிற முதல் காரியம் அது. குண்டு வைத்த இடத்திலேயே நின்றது. அடுத்த அறையில் வைத்தார். அங்கேயும் ஓடவில்லை. சமையலறையில் தண்ணீர் போகிற மூலையைத் தவிர, வீட்டில் எங்கே வைத்தாலும் அது அசையவில்லை. கதவுகள் விரலால் தள்ளினால் திறந்தன, விட்ட இடத்தில் நின்றன.

“கொத்தனார் குடிக்கல” என்றார்.

“ஒருவேள கக்கூஸ் கட்டுற அன்னிக்கு மட்டும் சம்பளம் போட்டிருப்பாய்ங்க” என்றாள் வீரலட்சுமி.

முதல் கழிப்பறை கொல்லைப்புறத்தில் இருந்தது. சுவருக்கு நேராக, ஊரில் எல்லார் வீட்டிலும் இருப்பதைப் போலத்தான் இருந்தது. புழங்கித் தேய்ந்தது. ஷௌகத் அலி அதை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

இரண்டாவது, வீட்டுக்குள் கிழக்கு ஓரத்துச் சின்ன அறையை ஒட்டி இருந்தது. அந்த அறையின் சுண்ணாம்பு மட்டும் புதிதாக இருந்தது. கதவைத் திறந்ததும் வீரலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள். நாலு சுவரும் ஒரு பக்கம் பார்க்க, நடுவில் இருந்த பீங்கான் மட்டும் தனக்கும் இந்த வீட்டுக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் வேறு பக்கம் திரும்பியிருந்தது. அதைச் சுற்றி முக்காலி உயரத்துக்கு மேடை கட்டியிருந்தது. உட்காருகிறவருக்கு எதிர்ச் சுவரின் வலது கீழ்ப்பக்கத்தில், தரையோடு தரையாக, ஒரு நீளப் பொந்து. உள்ளேயும் வழவழவென்று பூசியிருந்தது. இடது பக்கச் சுவரில் ஒரு இரும்புக் கம்பிக் கைப்பிடி.

ஷௌகத் அலி அடுத்து எடுத்தது ஒரு சின்னத் திசைகாட்டி. மேடை ஓரத்தில் வைத்தார். முள் ஆடி நின்றது. பீங்கானும் முள்ளும் ஒரே கோட்டில் இருந்தன, ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

“வடக்கு தெற்கு” என்றார். “அக்கா, நீங்க சொல்லுங்க. இதுல உக்காந்தா முகமும் முதுகும் எந்தப் பக்கம் விழாது?”

“மேக்கால விழாது” என்றாள் முனவர் பேகம்.

வீரலட்சுமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஷௌகத் அலி அவளுக்குச் சொன்னார். மேற்கே பார்த்துத் தொழுகிறவர்கள் கழிப்பறையில் மேற்கே முகமோ முதுகோ காட்டி உட்கார மாட்டார்கள். ரோடு சாய்வு, வீடு சாய்வு. சுவருக்கு நேராகப் பீங்கானை வைத்தால் முகம் கிட்டத்தட்ட மேற்கே போய் விழும். கட்டியவன் அதனால்தான் திருப்பியிருக்கிறான்.

“அப்ப இது முஸ்லிம் வீடு” என்றாள் வீரலட்சுமி. “நம்ம தேடி வந்தவரு அண்ணாதுரை. நேரம் வீணாப் போச்சா?”

“நம்மாளு கட்டியிருந்தா பள்ளிவாசல் சுவரைப் பாத்துத் திருப்பியிருப்பான். நாங்க தொழ நிக்கிறப்ப நேர் மேக்குல நிக்க மாட்டோம் லட்சுமி, கொஞ்சம் வடக்கால சாஞ்சு நிப்போம். மெக்கா அந்தப் பக்கம். இவனுக்கு அது தெரியல. மேக்குன்னு யாரோ சொல்லியிருக்காங்க, இவன் திசைகாட்டிய வெச்சு மேக்கைப் பிடிச்சிருக்கான். தொழாத ஆளு. ஆனா ஒரு நூல் பிசகக் கூடாதுன்னு நெனைக்கிற ஆளு.”

“டூல்ரூம்” என்றாள் வீரலட்சுமி மெதுவாக.

முனவர் பேகம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்டுபிடித்துவிட்டார்கள். இது அவன் கட்டிய வீடு. வஜிஹா இந்தத் தரையில் நடந்திருக்கிறாள். இதையெல்லாம் அவள் ஒவ்வொன்றாகத் தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். சொன்ன சொல் எதுவும் உள்ளே இறங்கவில்லை.

வீரலட்சுமி விடவில்லை. பெண்டாட்டிக்காகப் பார்த்துப் பார்த்துக் கட்டியிருக்கிறார், நல்ல மனுஷன்தான் என்றாள். ஷௌகத் அலி தலையை ஆட்டினார்.

“அவங்க ரெண்டு பேரும் புழங்கினது கொல்லைப்புறத்துல இருக்கிறது. அது தேஞ்சிருக்கு, அதைத் திருப்பவும் இல்ல. இதைப் பாரு. பீங்கான்ல ஒரு கறை உண்டா? இதை யாரும் புழங்கவே இல்ல.”

“அப்ப யாருக்கு?”

அவர் ஒதுங்கி நின்றார். முனவர் பேகத்துக்கு வழிவிட்டு நிற்கிறார் என்பது வீரலட்சுமிக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது.

முனவர் பேகம் உள்ளே போனாள். எதற்குப் போகிறோம் என்று தெரியாமல்தான் போனாள். திரும்பி, மேடையில் உட்கார்ந்தாள். வலது கால் தன் வழக்கப்படி நேராக நீண்டது. எந்த வீட்டிலும் அது சுவரில் போய் முட்டும். இங்கே முட்டவில்லை. குதிகால் அந்தப் பொந்துக்குள் வழுக்கிக்கொண்டு போய் நின்றது. எழுந்திருக்க இடது கையை நீட்டினாள். கை தேடாமலே கைப்பிடி கிடைத்தது. முன்பெல்லாம் அந்த இடத்தில் வஜிஹாவின் தோள் இருக்கும். பள்ளிக்கூடப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு, நேரமாகிறதும்மா என்று சொல்லிக்கொண்டு, குனிந்து நிற்பாள்.

அவள் எழுந்தாள். மறுபடி உட்கார்ந்து பார்த்தாள். மறுபடி எழுந்தாள்.

“காலையிலயே தெரிஞ்சுதா தம்பி?” என்று கேட்டாள்.

“பலகையில பொந்துன்னு படிச்சேன். கீழ பாத்தா நீங்க காலை நீட்டிட்டு டீ வேணாம்னு சொல்லிட்டிருந்தீங்க. அப்பவே தோணுச்சு அக்கா. ஆனா அதை நான் சொல்லக் கூடாது. நீங்க உக்காந்து பாத்தாதான் உண்டு.”



* * *

கூடத்துக்கு வந்ததும் ஷௌகத் அலி சரசம்மாவிடம் நேராகவே கேட்டார். அண்ணாதுரை எங்கே?

சரசம்மா முதலில் யார் என்றாள். பிறகு முனவர் பேகத்தின் முகத்தைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். இடத்தைத் தன் புருஷனிடம் வாங்கியது அண்ணாதுரை சார்தான், பத்திரத்தில் பேரை இன்னும் மாற்றவில்லை, அவ்வளவுதான். அந்தச் சின்ன அறையில் யாரும் படுத்தது கிடையாது. வருஷா வருஷம் மாங்காய் சீசன் முடிந்ததும் அதற்கு மட்டும் சுண்ணாம்பு அடிப்பார்கள். யாருக்கு என்று கேட்டால் அந்தப் பெண், “எங்கம்மா வந்தா தங்கணும்ல” என்று சொல்லும். எப்போது வருவார்கள் என்று கேட்டால் சிரிக்கும்.

“பின்ன எதுக்கு விக்கிறாங்க?” என்றார் ஷௌகத் அலி.

“கம்பெனில பூனாவுக்குப் போடறம்னாங்க. ரொம்ப நாளா வேணாம் வேணாம்னுதான் இருந்தாரு சாரு. இப்ப சரின்னுட்டாரு. அந்தப் பொண்ணோட நாயன, அதான் அப்பா, செத்துட்டாருன்னு மண்டிக்காரங்க சொல்லி, ரெண்டு பேரும் கிருஷ்ணகிரிக்குப் போனாங்க. அந்தப் பொண்ணு தெருமுனைலயே ஆட்டோவுல உக்காந்துகிச்சு, எறங்கல. சாரு மட்டும் வாசல்ல போயி நின்னாரு. அம்மாவப் பாக்கணும்னாரு. உள்ளேர்ந்து வேலைக்காரம்மா வந்து, அம்மா யாரையும் பாக்க மாட்டாங்களாம்னு சொல்லி கதவச் சாத்திருச்சு. அவ்ளோதான். அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு அந்த ரூமுக்குள்ளயே போகல.”

முனவர் பேகத்துக்கு அந்த நாள் நினைவிருந்தது. உள்ளறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வேலைக்காரி பார்வதி வந்து, யாரோ ஆம்பளை வந்திருக்கிறார், உங்களைப் பார்க்க வேண்டுமாம் என்றாள். இத்தாவில் இருக்கிறவள் வெளி ஆண்களைப் பார்ப்பது கிடையாது. இப்போது யாரையும் பார்க்க மாட்டேன் என்று சொல் என்றாள். யார் என்று கேட்கவில்லை. பார்வதியும் இத்தா என்று விளக்கிச் சொல்லவில்லை, துக்க வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அதை விளக்க வேண்டியிருக்கும் என்று யார் நினைத்தார்கள்? மேற்கை ஒரு நூல் பிசகாமல் கற்றுக்கொண்டவனுக்கு இது ஒன்றை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆட்டோவில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரியும். ஆனால் அவளுக்குப் போய்ச் சேர்ந்தது ‘மாட்டாங்களாம்’ என்ற ஒரு சொல்தான்.

“மருமகன்னா இத்தாவுலயும் பாக்கலாம் அக்கா” என்றார் ஷௌகத் அலி. குற்றமாகச் சொல்லவில்லை.

“எங்க வீட்ல அவனை மருமகன்னு யாரும் சொன்னதில்லையே தம்பி.”

ரோட்டில் ஒரு லாரி போனது. கடைசியாகக் கூடத்தில் வைத்துவிட்டு ஷௌகத் அலி மறந்துவிட்ட கோலிக்குண்டு அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது.

இன்றைக்கு அவர்கள் வருவார்களா என்று அவர் கேட்டார். வருவார்கள் என்றாள் சரசம்மா. முதல் ஷிஃப்ட் முடித்து, சாயங்காலம் ரெண்டு பேரும் ஸ்கூட்டரில் வந்து, தீவனக்காரரிடம் முன்பணம் வாங்கிச் சாவியைக் கொடுப்பதாகப் பேச்சு. அடுத்த மாதம் பூனா.

ஷௌகத் அலி முனவர் பேகத்தைப் பார்த்தார். தன் வேலை முடிந்துவிட்டது என்றார். கேட்டது எங்கே இருக்கிறாள் என்பது, அது தெரிந்துவிட்டது. இங்கேயே இருந்து பார்ப்பதா, இல்லை ஊருக்குத் திரும்பிப் போய் யோசித்துவிட்டு வருவதா, அதை அவள்தான் சொல்ல வேண்டும். இங்கே உட்கார்ந்திருந்தால் ராத்திரியாகிவிடலாம். ஆம்பூர் அண்ணனுக்குச் செய்தி போகும். அதையும் யோசித்துக்கொள்ளச் சொன்னார்.

அவள் யோசித்ததாகத் தெரியவில்லை. முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. சின்ன அறையின் வாசலுக்குப் போய், உள்ளே ஒரு முறை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

“அந்தப் பலகைல இந்த வீட்ட அழிச்சிடச் சொல்லுங்க தம்பி, லால் பாஷாகிட்ட” என்றாள். “தீவனக்காரருக்கு வேற எடம் பாக்கட்டும்.”

“யானை எடுத்துட்டுப் போன சன்னல் வீடு இருக்கு” என்றாள் வீரலட்சுமி. “கோழிக்குக் காத்தோட்டமா இருக்கும்.”

முனவர் பேகம் சுவரோரமாகப் போய், முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். வாசல் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். வலது காலை நீட்டிக்கொண்டாள். முக்காட்டைச் சரிசெய்தாள். பிறகு சரசம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

“குடிக்கத் தண்ணி குடும்மா.”

சரசம்மா ஓடிப்போய் ஒரு பித்தளைச் சொம்பில் கொண்டுவந்தாள். முனவர் பேகம் அண்ணாந்து குடித்தாள். தண்ணீர் தொண்டையில் இறங்குவது அவளுக்குத் தெரிந்தது, குளிர்ச்சியாக, வழி நெடுக. காலியான சொம்பை நீட்டினாள்.

“இன்னொரு சொம்பு” என்றாள்.

வீரலட்சுமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காலையிலிருந்து தான் நீட்டிய டீ, தண்ணீர் எல்லாம் ஏன் திரும்பி வந்தன என்று அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. ஒட்டகத்தைப் பற்றிச் சொன்னதும் நினைவுக்கு வந்தது. முந்தானையை எடுத்து முனவர் பேகத்தின் மோவாயில் வழிந்த தண்ணீரைத் துடைத்துவிட்டாள்.

“மெதுவாக் குடிங்கம்மா” என்றாள். “எம்புட்டு வேணாலும் குடிங்க. கக்கூஸ் நம்மளுதுதான்.”